விடிய விடிய பிரகலாத சரித்திரம்: முதல்முறை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நரசிம்ம ஜெயந்தி வந்துவிட்டால் தஞ்சாவூரைச் சுற்றியுள்ள சில கிராமங்கள் ராத்திரி தூங்காது. மெலட்டூர், சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களில் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடக விழா நடக்கும், அதில் முக்கியமானது பிரகலாத சரித்திரம். ஆர்சுத்திப்பட்டில் தமிழில் இரணிய நாடகம் உண்டு. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் நாடகத்தைப் பற்றி இருப்பதில்லை, கூடவே உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பற்றித்தான் இருக்கும். ஏன் அழுதார்கள், ஏன் விழுந்து கும்பிட்டார்கள், நரசிம்மர் வேஷம் கட்டிய மனிதருக்கு உண்மையிலேயே சாமி வந்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. பெரும்பாலும் மெலட்டூரை வைத்தே சொல்கிறேன்.

பாகவத மேளா என்றால் என்ன? தஞ்சாவூரில் எப்படித் தெலுங்கு நாடகம்?

பாட்டு, ஜதி, அபிநயம், வசனம் நான்கும் சேர்ந்த நாட்டிய நாடகம் இது. ஆண்கள் மட்டுமே வேஷம் கட்டுவார்கள். நடிக்கிறவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. வெளியூர்களில் வேறு வேறு வேலை பார்ப்பவர்கள், ஜெயந்திக்கு லீவு போட்டு ஊருக்கு வந்து வேஷம் கட்டுகிறார்கள். அப்பா கட்டிய வேஷத்தைப் பிள்ளை கட்டுவது இங்கே சாதாரணம்.

தெலுங்குக்குக் காரணம் நாயக்கர் ஆட்சி. தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 510 பிராமணக் குடும்பங்களுக்கு இங்கே வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்பது ஊர் வரலாறு. அவர் பெயரால் மெலட்டூருக்கு அச்சுதபுரம் என்றும் பெயர் இருந்தது. அன்றைக்குத் தஞ்சை அரண்மனையில் இலக்கியமும் இசையும் தெலுங்கில்தான். பின்னால் வந்த மராட்டிய மன்னர்களும் அதை விட்டுவிடவில்லை. மராட்டியர் காலத்தில்தான் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ஹரிச்சந்திரா, ருக்மாங்கதா, மார்க்கண்டேயா முதலிய நாடகங்களை எழுதினார். தியாகராஜ சுவாமிகளுக்குக் கொஞ்சம் மூத்தவர். சாலியமங்கலத்தில் ஆடுவது வேறு பிரகலாத சரித்திரம், அது பரதம் பஞ்சநத பாகவதர் எழுதியது. முன்பு ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர் என்று இன்னும் பல ஊர்களில் இந்த மேளா இருந்தது.

எப்போது நடக்கும்? டிக்கெட் உண்டா?

நரசிம்ம ஜெயந்தி வளர்பிறைச் சதுர்த்தசி அன்று, சித்திரையிலோ வைகாசியிலோ வரும். பெரும்பாலும் மே மாதம். பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மெலட்டூரில் இரண்டு குழுக்கள் இருக்கின்றன, இரண்டுமே விழா எடுக்கின்றன. அதனால் எந்த இரவு எந்த நாடகம் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

கடைசியில் நரசிம்மர் வரும்போது மட்டும் போனால் போதாதா? அதற்குத்தானே எல்லாரும் வருகிறார்கள்?

அடிக்கடி கேட்கிற கேள்வி இது. போதாது என்பதுதான் என் பதில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராத்திரி ஒன்பது பத்து மணிக்குக் கோணங்கி வருவான். தலையில் கூம்புக் குல்லாய், குதியாட்டம். "சத்தம் போடாம உக்காருங்க" என்று கூட்டத்தை அடக்குவதுதான் அவன் வேலை. அப்புறம் தோடய மங்களம் என்கிற கடவுள் வாழ்த்துப் பாட்டு. அப்புறம் சின்னப் பையன் ஒருவன் பிள்ளையார் முகம் கட்டிக்கொண்டு ஆடுவான், மேடையிலேயே அவனுக்குத் தீபாராதனை நடக்கும். நேற்று சாயங்காலம் இதே தெருவில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த பையனுக்குக் கர்ப்பூரம் காட்டுகிறார்கள், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. வேஷம் கட்டியவனைச் சாமியாகப் பார்க்கிற வேலை அப்போதே தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் நரசிம்மரைப் பார்த்து உடம்பு சிலிர்ப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

அதற்குப் பிறகு மணிக்கணக்கில் அப்பாவும் பிள்ளையும் மோதிக்கொள்கிறார்கள். பாம்பாட்டி வருகிறான், மல்லர்கள் வருகிறார்கள், எல்லா வழியிலும் பிரகலாதனைக் கொல்லப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளை தப்பிக்கிறான். இரணியனின் கோபம் ஏறிக்கொண்டே போகிறது. நமக்கோ தூக்கம் வருகிறது, கால் மரத்துப்போகிறது, கொசு கடிக்கிறது. "எங்கேடா உன் ஹரி?" என்கிற கேள்வி திரும்பத் திரும்ப வந்து நம் காதிலும் ஏறிவிடுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் அந்தத் தூண் பிளந்தால்தான் நமக்கே மூச்சு வரும் என்கிற நிலைமை. நாலு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறவருக்கு இது எதுவுமே நடந்திருக்காது. அவர் பார்ப்பது ஒரு முகமூடியையும் நாலைந்து பேர் தள்ளுமுள்ளையும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி ஏன் தேம்பித் தேம்பி அழுகிறாள் என்று அவருக்குப் புரியாது.

இன்னொன்றும் உண்டு. பகலிலும் சாவு கூடாது, இரவிலும் கூடாது என்பது இரணியன் வாங்கிய வரம். புராணத்தில் நரசிம்மர் வந்தது அந்திப்பொழுது. இந்த ஊர்களில் இரவெல்லாம் ஆடிவிட்டு, இருட்டு கலைந்தும் கலையாமலும் இருக்கிற நேரத்தில் அவர் வருகிறார். பகலா இரவா என்று உங்களாலும் சொல்ல முடியாத நேரம் அது. கதையில் வருகிற வரம் உங்கள் தலைக்கு மேலே வானத்தில் தெரியும்.

தெலுங்கு தெரியாதே, புரியுமா?

கதை தெரியும் அல்லவா, அது போதும். "தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு மொழி ஒரு தடையே இல்லை. வருடா வருடம் கேட்டுக் கேட்டே மனப்பாடமாகிப்போனவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். தரு, அதாவது நாடகப் பாட்டு, தொடங்குமுன்பே அவர்கள் உதடு அசையும். அப்படி ஒருவர் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கேட்டால் மெதுவாகத் தமிழில் சொல்வார்கள், அதுவும் ஆசையோடு.

இரணியன் வரும்போது ஏன் இவ்வளவு ஆரவாரம்? அவன் வில்லன்தானே?

அந்த வருகையைக் கொஞ்சம் கிட்டே இருந்து பாருங்கள். மேடையில் இரண்டு பேர் ஒரு திரைச்சீலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கட்டியக்காரன் இரணியனின் பெருமையைச் சொல்லி முடிப்பான். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய இரண்டு கால்கள் மட்டும் தெரியும். நட்டுவாங்கத்தின் ஜதிக்கு அந்தக் கால்கள் தரையை அறையும், பலகை அதிர்வது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் தொடைக்கு வந்து சேரும். அப்புறம் திரையின் மேல்விளிம்பில் மோதிரம் போட்ட கை ஒன்று வந்து பிடிக்கும். கிரீடத்தின் நுனி தெரியும், மறையும். திரையை அவன் இழுப்பான், பிடித்திருப்பவர்கள் எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். மிருதங்கம் ஏறிக்கொண்டே போகும். பிரவேச தரு, அதாவது அவன் வருகைக்கான பாட்டு, முழுக்க இப்படியே போய், கடைசியில் திரை விலகும்போது கூட்டம் ஒரேயடியாகச் சத்தம் போடும். மூவுலகையும் ஜெயித்தவன் இப்படித்தான் வருவான் என்று நமக்கே தோன்றிவிடும்.

கைதட்டத் தயங்க வேண்டாம். இரணியனை ரசிக்கலாம், ரசிக்கத்தான் வேண்டும். அவன் சின்னவனாகத் தெரிந்தால் அவனுக்காகச் சாமி தூணைப் பிளந்துகொண்டு வரவேண்டிய அவசியம் என்ன? ஊரில் பெரியவர்கள் இன்னும் பேசிக்கொள்வது பழைய இரணியன்களைப் பற்றித்தான். யார் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது, யார் மீசையை முறுக்கிய விதத்தில் குழந்தைகள் ஓடின என்று இன்றைக்கும் ஒப்பிடுவார்கள்.

பிரகலாதனின் தாய் லீலாவதி பாடும்போது பெண்கள் அழுதார்கள். வேஷம் கட்டியவர் ஆண் என்று தெரிந்துமா?

தெரிந்துதான். முதல் ஐந்து நிமிடம் நீங்களும் குரலை, நடையை, புடவைக் கட்டை எல்லாம் கவனிப்பீர்கள். அப்புறம் அது நினைவிலேயே இருக்காது. பிரகலாதனுக்கு விஷம் கொடுக்கச் சொல்லி இரணியன் தாயிடமே கட்டளை போடுகிற இடம்தான் இந்த நாடகத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். நரசிம்மர் காட்சியைவிடவும். புருஷன் சொல் ஒரு பக்கம், பெற்ற வயிறு ஒரு பக்கம். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் படுகிற பாட்டுக்குத் தெலுங்கும் வேண்டாம், பக்தியும் வேண்டாம். மெலட்டூரில் ஸ்திரீ வேஷம் என்றால் எஸ். நடராஜன் பெயரைச் சொல்வார்கள். அவருடைய லீலாவதியைப் பார்ப்பதற்கென்றே தூரத்திலிருந்து பரதநாட்டியக் கலைஞர்கள் வந்து இந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் அழுகிறவர்கள் சத்தமில்லாமல் அழுவார்கள். நரசிம்மர் வரும்போது அழுகிற அழுகை வேறு, அது வாய்விட்டு வரும். இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்க்கலாம்.

நரசிம்மர் வேஷக்காரருக்கு உண்மையிலேயே ஆவேசம் வருகிறதா?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த முகமூடி மற்ற வேஷச் சாமான்களோடு பெட்டியில் கிடப்பதில்லை. வருடம் முழுக்கப் பூஜையில் இருப்பது. அதைத் தரிக்கிறவர் விரதம் இருந்து வருகிறார். ராத்திரி முழுக்க மேளச் சத்தமும் நாமமும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. முகத்தில் அது ஏறியதும் அவர் உடம்பு நடுங்குவதைக் கிட்டே இருப்பவர்கள் பார்க்கலாம். உறுமுவார், முன்னால் பாய்வார், பிடித்திருப்பவர்களை இழுத்துக்கொண்டே நகர்வார். எல்லாம் முடிந்து முகமூடி இறங்கியதும் துவண்டு போவார்.

பட்டினியாலும் களைப்பாலும் வருவது என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சாமியே இறங்குகிறார் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் மனம் போகிறது. ஆனால் ஒன்று: அதை நடிப்பு என்று அந்த நேரத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் எவருமே எடுத்துக்கொள்வதில்லை. முதல்முறை வந்த டாக்டர், வக்கீல், கல்லூரி மாணவர் உட்பட.

ஏன் அவரை அத்தனை பேர் பிடித்துக்கொள்கிறார்கள்? இரணியனைக் கொல்லும் காட்சியைக் காட்டவில்லையே?

பிடித்துக்கொள்வது இரணியன் வேஷக்காரரின் பாதுகாப்புக்காக. இடுப்புத் துணியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிப்பார்கள், இரண்டு பக்கமும் தோளைப் பிடிப்பார்கள். அது ஒப்புக்குப் பிடிக்கிற பிடி இல்லை, கை நரம்பு புடைத்து நிற்கும். எந்தக் காலத்திலோ ஒரு இரணியன் மேடையிலேயே கிழிபட்டுச் செத்தான் என்ற பழங்கதையைப் பல ஊர்களில் சொல்வார்கள். வதம் மேடையில் நடப்பதில்லை. இரணியனும் நரசிம்மரும் நேருக்கு நேர் நின்று வாதம் செய்வார்கள், பாய்ச்சலும் பின்வாங்கலும் இருக்கும், அதோடு சரி. வயிற்றைக் கிழிப்பதையும் குடலை மாலையாகப் போடுவதையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கூட்டம் அதற்குள் எழுந்து நின்றுவிடும், "நரசிம்மா, நரசிம்மா" என்ற சத்தத்தில் வசனம்கூடக் கேட்காது.

எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள், சிலர் விழுந்து சேவித்தார்கள். நானும் செய்ய வேண்டுமா? எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

யாரும் உங்களைக் கவனிக்கப் போவதில்லை. எழுந்து நின்றால் போதும், உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும்.

மேடை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். தெருவில் எதிரே பெருமாளை எழுந்தருளப் பண்ணியிருப்பார்கள். நாடகம் அவருக்கு நடக்கிறது. நாம் இடையில் உட்கார்ந்திருக்கிறோம். பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்கள், நோயாளியை அழைத்துவருகிறவர்கள், கல்யாணம் ஆகவேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்களுக்கு அந்தக் கடைசி ஆரத்தி கோயில் கர்ப்பக்கிரகத்தில் காட்டுவதற்குச் சமம். ஆகவே விழுந்து கும்பிடுகிறவரை வேடிக்கை பார்க்காமல் கொஞ்சம் விலகி வழி விடுங்கள். நம்பிக்கை இல்லாதவர் செய்யவேண்டியது அவ்வளவே.

என் மகள் நரசிம்மரைப் பார்த்து அலறிவிட்டாள். கூட்டிவந்தது தப்போ?

தப்பே இல்லை. இந்த ஊர்க் குழந்தைகளும் அலறுகின்றன. அடுத்த வருடம் அவர்களே "நரசிம்மர் எப்ப வருவாரு?" என்று பிடுங்கி எடுப்பார்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையோடு வந்தால் முன்வரிசை வேண்டாம், ஓரமாகத் திண்ணை பக்கம் உட்காருங்கள். தூங்கினால் தூங்கட்டும். பயந்தால் மடியில் வைத்துக்கொண்டு பிரகலாதனைக் காட்டுங்கள். அந்த வேஷம் கட்டியிருப்பதும் ஒரு சின்னப் பையன்தான், அவன் நரசிம்மர் பக்கத்திலேயே நிற்கிறான். அதைப் பார்த்ததும் பாதிக் குழந்தைகளுக்குத் தைரியம் வந்துவிடும்.

போனில் வீடியோ எடுக்கலாமா?

விழாக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சரி என்றாலும், ஃப்ளாஷ் வேண்டாம். நரசிம்மர் வரும் நேரத்தில் போனை மடியில் வைத்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் நூறு கைகள் போனோடு மேலே போகின்றன, பின்னால் இருக்கும் வயதானவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ராத்திரி முழுக்க முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

சென்னையில் சபா மேடையில் பார்த்தேன். நன்றாக இருந்தது, ஆனால் யாரும் அழவில்லையே?

அங்கே இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியிருப்பார்கள். ஏசி, இருட்டு, நாற்காலி. பாட்டையும் நாட்டியத்தையும் கூர்ந்து பார்க்க அது வசதியான இடம், அதைக் குறை சொல்ல மாட்டேன். பாகவத மேளா நலிந்து கிடந்த காலத்தில் இ. கிருஷ்ண ஐயர் போன்றவர்கள் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னதும், ருக்மிணி தேவி இந்த நாடகங்களைப் பார்த்துத் தாம் நிறுவிய கலாக்ஷேத்திராவில் மேடையேற்றியதும் இந்தக் கலைக்குப் பெரிய பலம். ஆனால் எதிரே பெருமாள் இல்லாத மேடையில், அடுத்த வீட்டுப் பையனைப் பிரகலாதனாகத் தெரிந்துகொள்ளாத கூட்டத்தின் முன்னால், அந்த அழுகை எங்கிருந்து வரும்?

ஆர்சுத்திப்பட்டில் இரண்டு இரணியன் என்கிறார்களே?

உண்மைதான். அங்கே ஆடுவது தமிழ் இரணிய நாடகம், ஆடுகிறவர்கள் விவசாயிகள். இரணியன், லீலாவதி, பிரகலாதன் என்று முக்கிய வேஷங்களுக்கு இரண்டிரண்டு பேர் ஒரே நேரத்தில் மேடையில் இருப்பார்கள். ஒரே பாத்திரத்தை இருவர் பகிர்ந்து பாடி ஆடுகிறார்கள். இரண்டு இரணியன்களும் ஆளுக்கொரு பக்கமாகச் சுழன்று வரும்போது எங்கே பார்ப்பது என்று கண்ணுக்கே குழப்பம். தமிழ் வசனம் என்பதால் கூட்டம் உடனுக்குடன் பதில் சொல்லும், சிரிக்கும், இரணியனைத் திட்டும். மெலட்டூரில் கர்நாடக சங்கீதம் கேட்ட காதோடு அங்கே போனால் முதலில் கரடுமுரடாகத் தோன்றும். பொறுத்துக்கொண்டு உட்காருங்கள். பாகவத மேளாவுக்குக் கிடைத்த பத்திரிகை வெளிச்சத்தில் பாதிகூட இந்த நாடகத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

சாப்பாடு, தூக்கம்?

கத்தரி வெயில் நேரம். ராத்திரியும் புழுக்கம் இருக்கும். பருத்தி உடுப்பு, ஒரு விசிறி, தண்ணீர் பாட்டில், உட்கார ஒரு பாய் அல்லது ஜமுக்காளம் கொண்டுவாருங்கள். நரசிம்ம ஜெயந்திக்குப் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவது நல்லது. கண் அசந்தால் வெட்கப்பட வேண்டாம், ஊர்க்காரர்களே முறைபோட்டுத் தூங்குவார்கள். "நரசிம்மர் வரப்போ எழுப்பிவிடுங்க" என்று பக்கத்தில் சொல்லி வைத்தால் கட்டாயம் எழுப்புவார்கள்.

முதல்முறைக்கு எந்த ஊர்?

சங்கீதமும் பரதமும் பிடிக்கும் என்றால் மெலட்டூர். தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கி.மீ., பஸ் உண்டு, ஆனால் ராத்திரி திரும்பிவர வண்டியை நம்ப வேண்டாம், விடிந்து கிளம்புங்கள். ரயிலில் வந்து இறங்க வேண்டும் என்றால் சாலியமங்கலம் சுலபம், தஞ்சாவூர் – திருவாரூர் பாதையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. கும்பகோணத்தில் தங்குகிறவர்களுக்குத் தேப்பெருமாநல்லூர் பக்கம். தமிழில் கேட்கவேண்டும், ஊர்ஜனங்களோடு சேர்ந்து சத்தம் போடவேண்டும் என்றால் ஆர்சுத்திப்பட்டு. எல்லா ஊரிலும் ஒரே நாளில் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டுவிடாதீர்கள், ஊருக்கு ஊர் நாள் மாறும், போகிற ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். மெலட்டூரில் பிரகலாத சரித்திரத்துக்கு மறுநாளும் அடுத்தடுத்த இரவுகளிலும் மற்ற நாடகங்கள் இருக்கும். லீவு இருந்தால் ஹரிச்சந்திராவையும் பார்த்துவிட்டுப் போங்கள்.